தொண்டு நிறுவனத்துக்குச் சமூக முதலீடு: நட்டம் வந்தால் அது யாருடையது?

கேள்வி: கொட்டாஞ்சேனை வாசகி, 3 பெப்ரவரி 2025

கணவரை இழந்த பெண்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தை நடத்தி வருகிறோம். உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட, அதாவது பங்கு முதல் இல்லாத, கம்பனியாகப் பதிவு செய்திருக்கிறோம். மிளகாய்த்தூளும் கறித்தூளும் தயாரித்து வெள்ளவத்தை, தெகிவளைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாதம் ஏறத்தாழ 9 இலட்சம் ரூபாவுக்கு விற்பனையாகிறது. செலவு போக 80,000 ரூபா அளவில் மிஞ்சுகிறது. இலண்டனில் உள்ள ஒரு பழைய மாணவர் வட்டம் இதுவரை எங்களுக்கு நன்கொடை அனுப்பி வந்தது. இம்முறை நன்கொடைக்குப் பதிலாகச் சமூக முதலீடு என்று 15,000 பவுண் தருவதாகவும், அதனை 5 ஆண்டுகளில் 5 சதவீத வட்டியுடன் பவுணிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், அரைக்கும் இயந்திரமும் வறுக்கும் இயந்திரமும் வாங்கினால் விற்பனை இரட்டிக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் நிர்வாக சபையில் பாதிப் பேர் வங்கியைவிட வட்டி குறைவு என்று மகிழ்கிறார்கள், மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். பெறலாமா?

4 பெப்ரவரி 2025

வட்டி எத்தனை சதவீதம் என்பது இதில் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பணத்தில் வாங்கும் பொருள் தன் தவணையைத் தானே உழைத்துக் கட்டுமா என்பது முதலாவது. உழைக்காமற் போனால் அந்த நட்டத்தை யார் சுமப்பது என்பது இரண்டாவது. நான் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். இப்போது சில தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்திலும் இருந்து பார்த்ததில், இரண்டாவது கேள்வியை எழுத்தில் கேட்ட தொண்டு நிறுவனங்கள் மிகச் சிலவே.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு பவுணை 375 ரூபா என்று வைத்தால் 15,000 பவுண் 56 இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. முதலை ஐந்து சமபங்காகக் கட்டுவதாயின் ஆண்டுக்கு 3,000 பவுண்; முதலாம் ஆண்டின் வட்டி 750 பவுண். இரண்டும் சேர்ந்து 3,750 பவுண், அதாவது 14 இலட்சம் ரூபா. உங்களுக்கு இப்போது ஆண்டு முழுவதும் மிஞ்சுவது 9 இலட்சத்து 60,000 ரூபா. ஆகவே இயந்திரங்கள் வந்த முதலாம் ஆண்டிலேயே ஏறத்தாழ நாலரை இலட்சம் ரூபா புதிய மிச்சம் உண்டாக வேண்டும். அதன் பின்னரும் பெண்களின் கூலியை உயர்த்துவதற்கோ ஒரு பழுதைத் திருத்துவதற்கோ கையில் ஒன்றும் இராது.

இயந்திரம் வந்தால் விற்பனை இரட்டிக்கும் என்கிறார்கள். இன்று உங்கள் விற்பனையைக் கட்டிவைத்திருப்பது அரைக்கும் வேகம்தானா? வெள்ளவத்தைக் கடைக்காரர் பொருளை எடுத்து 60 நாட்களுக்குப் பின்னரே பணம் தருகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். காலி வீதியில் நான் அறிந்த வழக்கம் அதுதான். அப்படியானால் உங்கள் 18 இலட்சம் ரூபா எந்நேரமும் கடைகளில் நிற்கிறது. செத்தல் மிளகாயையோ புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் கைக்காசு கொடுத்து வாங்குகிறீர்கள். விற்பனை இரட்டித்தால் கடைகளில் நிற்கும் தொகை 36 இலட்சமாகும். அந்த மேலதிக 18 இலட்சத்துக்கு இந்த முன்மொழிவில் இடமில்லை. அதனால் இயந்திரம் நன்றாக ஓடுகிற மாதத்திலேயே மிளகாய் வாங்கக் காசில்லாத நிலை வரக்கூடும். நல்ல தொழில்கள் பல இப்படித்தான் வளர்ச்சியின் நடுவில் மூச்சுத் திணறியிருக்கின்றன.

4 பெப்ரவரி, இரவு

இன்னொன்று. 80,000 ரூபா மிஞ்சுகிறது என்கிறீர்கள். கட்டட வாடகையும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன? அவை நன்கொடைக் கணக்கிலிருந்து போகுமானால் தூள் விற்பனை உண்மையில் நட்டத்தில் இருக்கவும் கூடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்கொடை அதற்காகவே தரப்படுகிறது. ஆனால், நன்கொடை தாங்கி நிற்கும் மிச்சத்தை நம்பிக் கடனில் கையொப்பமிடுகிறபோது, அதே நன்கொடையாளர்தான் நன்கொடையை நிறுத்திக் கடனைத் தருகிறார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

7 பெப்ரவரி 2025

தெகிவளையிலிருந்து ஒருவர், பவுணில் வாங்கிப் பவுணில் கட்டுவது நேர்மையானதுதானே என்று எழுதியிருக்கிறார். கடன் தருபவருக்கு நேர்மையானதே. மிளகாய்த்தூள் விற்று ரூபா உழைப்பவருக்கு அது வேறொரு பொருள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. பவுண் அந்த அளவுக்கு ஏறவில்லை என்றாலும் அதன் ஏற்றமும் பாதியைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. எரிபொருளும் இல்லை, எரிவாயுவும் இல்லை. அத்தகைய ஓராண்டு மீண்டும் வந்து பவுண் 600 ரூபாவானால், முன்னர் சொன்ன 14 இலட்சம் ரூபாத் தவணை 22 இலட்சத்து 50,000 ஆகும். ஒரு பொதி தூள்கூட அதிகமாக விற்காமலே கடன் அவ்வளவு கனத்துவிடும்.

நாணய மாற்றத்தின் ஆபத்தைத் தாங்கக் கூடியவர் இலண்டனில் பவுணில் சம்பளம் பெறுபவர். கொட்டாஞ்சேனையில் நாட்கூலி பெறும் பெண் அல்லர். ரூபாவில் தொகையை நிர்ணயித்து ரூபாவிலேயே திருப்பிப் பெற உடன்படுகிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கமே ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று.

சட்டப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் வதிபவரிடம் கடன் பெறுவதற்கு ஒழுங்குவிதிகள் உள்ளன. உங்கள் நிறுவன வடிவம் அதற்குத் தகுதியுடையதா, பணம் எந்தக் கணக்கின் ஊடாக வந்து எந்தக் கணக்கின் ஊடாகத் திரும்ப வேண்டும் என்பவற்றை வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் கடிதம் கொடுத்துக் கேட்டு, பதிலையும் கடிதமாகவே பெறுங்கள். நன்கொடையாக வந்த பணத்தைப் பின்னர் கடன் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முயன்று வங்கியில் சிக்கிக்கொண்டவர்களை நான் அறிவேன்.

12 பெப்ரவரி 2025

இலண்டன் வட்டத்தினர் தம் கடிதத்தில் பிரித்தானியாவில் இது வெற்றி பெற்ற முறை என்று எழுதியிருப்பதாக வாசகி தெரிவிக்கிறார். அங்கே நடந்ததை முழுமையாகப் பார்த்தால் அவர்களோடு பேசுவதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கும்.

15 ஆண்டுகளாக யாரும் தொடாத வங்கிக் கணக்குகளில் கிடக்கும் பணத்தைச் சமூகப் பயனுக்குத் திருப்புவதற்கு 2008 இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தப் பணத்தோடு நான்கு பெரிய வங்கிகளின் 200 மில்லியன் பவுணையும் சேர்த்து 2012 இல் பிக் சொசைட்டி கப்பிட்டல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2024 இல் அதன் பெயரை பெட்டர் சொசைட்டி கப்பிட்டல் என மாற்றினார்கள். அது தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. இடைநிலை நிறுவனங்களுக்கும் நிதியங்களுக்கும் கொடுக்கிறது. அவை கீழே கொடுக்கின்றன. மேலே இருப்பவர் தம் முதலைக் காத்துச் சிறிது வருவாயும் பெற வேண்டும்; நடுவில் இருப்பவர் தம் அலுவலகச் செலவை ஈட்ட வேண்டும்; இரண்டும் சேர்ந்து கீழே இருப்பவரின் வட்டியில் வந்து நிற்கும். பெரிய வீடமைப்புச் சங்கத்துக்கும் சொந்தக் கட்டடம் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கும் இது பொருந்தியது. பிணை வைக்க ஒன்றுமில்லாத, சிறிய தொகை மட்டும் தேவைப்பட்ட நிறுவனங்களுக்குப் பொருந்தவில்லை. சிறிய கடனை ஆராய்வதற்கும் பெரிய கடனை ஆராய்வதற்கும் ஏறக்குறைய ஒரே உழைப்புத்தான் வேண்டும் என்பதால் சிறிய கடனில் எப்போதும் கணக்கு உதைக்கும். வங்கியில் இருந்த எவருக்கும் இது தெரியும்.

அதனால்தான் 2015 இல் அக்செஸ் என்ற அறநிறுவனத்தை உருவாக்கினார்கள். 150,000 பவுண் வரையான, பெரும்பாலும் பிணையற்ற கடன்களுக்கு மானியத்தையும் கடனையும் கலந்து கொடுக்கும் ஒரு நிதியை அது நடத்தியது. அதில் மானியப் பகுதி என்ன செய்தது என்பதே நமக்கு முக்கியம். கடன் திரும்பி வராதபோது அந்த நட்டத்தை முதலில் உறிஞ்சுவதற்காக அது வைக்கப்பட்டிருந்தது. இடைநிலை நிறுவனத்தின் செயற்பாட்டுச் செலவையும் அது தாங்கியது. நட்டத்தைத் தாங்க எவரோ ஒருவர் மானியமாகப் பணம் போட்ட பின்னரே சிறிய தொண்டு நிறுவனங்களுக்குச் சமூக முதலீடு அங்கே வேலை செய்தது. உங்கள் இலண்டன் நண்பர்களின் கடிதத்தில் அந்தப் பகுதியைக் காணவில்லை.

அங்கே முதலிடுவோருக்கு வரிச் சலுகையும் இருந்தது. 2014 இல் வந்த திட்டத்தின் கீழ் முதலிட்ட தொகையில் 30 சதவீதத்தை வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். அதாவது அங்கேயும் அரசாங்கம் ஒரு பங்கு ஆபத்தைத் தாங்கியிருக்கிறது.

13 பெப்ரவரி 2025

பீற்றர்பரோ சிறைத் திட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் உள்ள அந்தச் சிறையின் கைதிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களின் வேலைக்காக, 2010 இல் 17 முதலீட்டாளர்கள் 5 மில்லியன் பவுண் போட்டார்கள். குறுகிய கால தண்டனை முடிந்து வெளியே வருபவர்கள் மீண்டும் குற்றம் செய்வது 7.5 சதவீதமாவது குறைந்தால் அரசாங்கத் தரப்பிலிருந்து முதலும் வருவாயும் கிடைக்கும். குறையாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. 9 சதவீதம் குறைந்ததாக 2017 இல் முடிவு வந்தது. முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய வருவாய் கிடைத்தது. சிறைக்குள் வேலை செய்த தொண்டு நிறுவனங்கள் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதைத்தான் நான் மதிக்கிறேன். தோல்வியின் விலையைப் பணம் போட்டவர் ஏற்றுக்கொண்டார்.

19 பெப்ரவரி 2025

நம் நாட்டிலும் செயலற்ற கணக்குகளின் பணத்தைப் பயன்படுத்தலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் கீழ், பத்தாண்டுகள் செயலற்றுக் கிடக்கும் வைப்புகள் கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்குப் போகின்றன. உரிமையாளர் பின்னர் வந்து கோரலாம். இந்தப் பணத்தின் ஒரு சிறு பகுதியை நட்டம் தாங்கும் நிதியாக ஒதுக்கினால் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூர் வங்கிகளும் சிறிய தொண்டு நிறுவனங்களுக்குத் துணிந்து கடன் கொடுக்கலாம். எனக்கும் இது பிடித்த யோசனையாகவே இருந்து வந்திருக்கிறது.

21 பெப்ரவரி 2025

நேற்று முன்தினம் எழுதியதை மீண்டும் படித்தேன். இப்போது அதில் எனக்கு முன்னைய உறுதி இல்லை.

பிரித்தானியாவில் ஒரு கணக்கு 15 ஆண்டுகள் அசையாமல் இருந்தால், அதன் சொந்தக்காரர் வீடு மாறியபோது மறந்துவிட்டார் என்றோ, முதுமையில் இறந்துவிட்டார் என்றோ நினைக்கலாம். நம்மிடம் அசையாமல் கிடக்கும் கணக்குகளில் எத்தனை, வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்து புத்தகத்தையும் அடையாள அட்டையையும் இழந்தவர்களுடையவை? எத்தனை, 1983 இல் இதே கொழும்பிலிருந்து கப்பலேறிப் போனவர்களுடையவை? காணாமற்போனவரின் பெயரில் இருக்கும் கணக்கை அவருடைய மனைவி இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எப்படித் திறப்பார்? 2016 இல் செய்த சட்டத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்று மட்டும் பதிவு செய்யும் இல்லாமைச் சான்றிதழைப் பெறுவதற்கு வழி செய்தது; ஆயினும் அதைப் பெற்றவரைவிடப் பெற மனம் ஒப்பாத குடும்பங்களை எனக்கு அதிகம் தெரியும். அந்தப் பணத்தை யாருக்கும் உரியதல்ல என்று எடுத்துப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதற்கு முன்னர், உரியவர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் வெளியிட்டுத் தேட வேண்டும். பிரித்தானியச் சட்டத்திலும் உரிமையாளரின் கோரிக்கை ஒருநாளும் காலாவதியாவதில்லை. வாரிசுகளைத் தேடும் வேலை முதலில் நடக்கட்டும், நிதி பிறகு.

2 மார்ச் 2025

கடன் தருபவர் நல்ல நோக்கத்தோடு வருகிறார், பிறகேன் இவ்வளவு சந்தேகம் என்று வெள்ளவத்தை அன்பர் கேட்கிறார். நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நுண்நிதியும் நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. ஏழைப் பெண்ணுக்குப் பிணையில்லாத கடன், குழுவாகச் சேர்ந்து பொறுப்பு, சிறு தொழில் என்று சொல்லி, போர் முடிந்தபின் வன்னியிலும் மட்டக்களப்பிலும் எத்தனை நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கின. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போய், தவணை சேகரிப்பவர் வருகிற நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருந்த பெண்களோடு நான் பேசியிருக்கிறேன். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களில் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி வட்டிக்கு 35 சதவீத உச்ச வரம்பு விதித்தது. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

35 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டுத் திடுக்கிடுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு இலட்சம் ரூபாவை 20 சதவீத நிலையான வட்டிக்கு ஓராண்டுத் தவணையில் பெற்றால் மாதம் 10,000 ரூபா வீதம் 12 மாதம் கட்டுவீர்கள், மொத்தம் 120,000. 20 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆண்டின் நடுவில் பாதி முதல்தான் உங்கள் கையில் இருக்கிறது, வட்டியோ முழு முதலுக்கும் போகிறது. குறைந்து செல்லும் மீதியில் கணக்கிட்டால் அதே கடனின் வட்டி ஆண்டுக்கு 35 சதவீதம். உங்கள் இலண்டன் கடிதத்தில் 5 சதவீதம் என்றிருப்பது எந்த முறை என்பதையும் கேட்டு எழுதுவியுங்கள்.

3 மார்ச் 2025

வாசகி பதில் அனுப்பியிருக்கிறார்: குறைந்து செல்லும் மீதியில்தானாம். நல்லது. வாடகை பற்றிய என் கேள்விக்கும் விடை வந்தது. வாடகை தூள் கணக்கில்தான் போகிறது. ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் மட்டும் நன்கொடையிலிருந்து. அதையும் தூள் கணக்கில் சேர்த்தால் மாத மிச்சம் 80,000 இலிருந்து 25,000 ஆகிறது. ஆண்டுக்கு 3 இலட்சம். 14 இலட்சம் ரூபாத் தவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், மகிழ்ந்த பாதி நிர்வாக சபை.

11 மார்ச் 2025

கடன் வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. கடைகளில் நிற்கும் பணத்துக்கு நன்கொடை கேட்பது சரியான வழியன்று. அது சுழன்று திரும்பி வரும் பணம், அதற்குக் கடனே பொருத்தம். அந்தக் கடன் எங்கிருந்து வரலாம் என்பதில் நம்மிடம் உள்ளவற்றை மறந்துவிட்டு இலண்டனைப் பார்க்கிறோம்.

1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து எண்ணினால் இந்தத் தீவின் கடன் கூட்டுறவு நூறாண்டைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மூளாய் மக்கள் உறுப்பினர் பணத்தைச் சேர்த்து ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே நடத்தினார்கள். கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளிலும் சேரிகளிலும் 1989 இல் சிறு குழுக்களாகத் தொடங்கிய மகளிர் வங்கி, வெளியார் பணத்தை நம்பாமல் பெண்களின் சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்து வளர்ந்தது. இன்னொரு பாதை சர்வோதயத்தினுடையது. 1958 இல் தொடங்கிய அந்த இயக்கம் 1980களில் தன் கடன் பணியைத் தனியாக்கியது. அதன் நிதிக் கம்பனி 2021 இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கே வந்தது. அந்தப் பாதையில் பணம் பெருகும்; பங்குதாரரின் எதிர்பார்ப்பும் கூடவே வரும். எது நல்லது என்று ஒரே சொல்லில் என்னால் தீர்ப்புக் கூற இயலாது. ஆனால் மகளிர் வங்கியின் ஒரு குழுவில், ஒரு உறுப்பினர் ஏன் இந்த மாதம் கட்டவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சலா, கணவன் குடித்துவிட்டானா என்று தெரிந்தபின் தவணையைத் தள்ளிப் போடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். அந்த அறிவை எந்த விண்ணப்பப் படிவத்தாலும் பெற முடியாது.

கொட்டாஞ்சேனைப் பெண்கள் தமக்குள், உறுப்பினரின் சேமிப்பிலிருந்தே கடன் கொடுக்கும் ஒரு சிக்கன கடனுதவிச் சங்கமாகச் சேர்ந்தால் என்ன? சீட்டுக் கட்டும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். மிளகாய் வாங்கும் பணத்தின் ஒரு பகுதியாவது அங்கிருந்து வரலாம்.

16 மார்ச் 2025

பங்கு முதலாகப் பெற்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையே என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனிக்குப் பங்கு முதல் இல்லை, இலாபத்தைப் பகிரவும் முடியாது. பிரித்தானியாவில் 2005 முதல் சமூக நலக் கம்பனி என்ற தனி வடிவம் உண்டு. சொத்தைச் சமூகத்துக்கென்று பூட்டிவைத்து, பங்கிலாபத்துக்கும் வரம்பு விதிக்கிறார்கள். நம் 2007 ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தில் அப்படி ஒன்றில்லை. தூள் தொழிலைத் தனிக் கம்பனியாகப் பிரித்துப் பங்கு விற்கலாம். அப்போது விற்பனைத் தீர்மானங்களில் பங்குதாரருக்கு எவ்வளவு குரல், பெண்களுக்கு எவ்வளவு குரல் என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும். மாதம் 25,000 ரூபா மிஞ்சும் தொழிலுக்கு இந்தச் செலவும் சிக்கலும் இப்போது வேண்டாம்.

இந்தியா வேறொரு வழியில் போயிருக்கிறது. அங்கே சமூகப் பங்குச் சந்தை என்று ஒரு பிரிவைத் திறந்து, வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது என்று வெளிப்படையாகச் சொல்லும் பத்திரத்தைத் தொண்டு நிறுவனங்கள் வெளியிட அனுமதித்தார்கள். முதலாவது நிறுவனம் 2023 டிசம்பரில் பட்டியலானது. உண்மையில் அது நன்கொடைதான். பட்டியலிடுவதால் கணக்காய்வும் பயன் அறிக்கையும் கட்டாயமாகின்றன. நன்கொடையாளருக்கு வேண்டியது ஒழுங்கான கணக்கு என்றால், அதைப் பெறுவதற்கு நன்கொடையைக் கடனாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இலண்டன் வட்டத்தின் உள்ளத்தில் இருப்பதும் இதுதான் என்று நான் சந்தேகிக்கிறேன். பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, கடனாகக் கொடுத்தால் பொறுப்பு வரும் என்று நினைக்கிறார்கள். அப்படியானால் காலாண்டுக்கு ஒரு முறை ஒரு பக்கக் கணக்கை அனுப்புங்கள். பேச்சின் தன்மையே மாறும்.

தொண்டு தன் வருமானத்திலேயே நிற்கலாம் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டியவருக்கு: 1976 இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அது, கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் கட்டணம் செலுத்த இயலாதோருக்குச் சிகிச்சை அளித்து வளர்ந்தது என்பது உண்மை. 1992 இல் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைத் தாமே தயாரிக்கத் தொடங்கி அதன் விலையை இறக்கியதும் உண்மை. அங்கே கட்டணம் செலுத்தக்கூடிய பெருங்கூட்டம் ஒன்று வாசலில் நின்றது. கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண்ணுக்கு வேலை கொடுப்பது, அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூலியோடு விடுப்புக் கொடுப்பது ஆகியவற்றுக்குக் கட்டணம் செலுத்தும் கூட்டம் எதுவும் இல்லை. அந்தச் செலவுக்கு என்றும் நன்கொடை வேண்டும். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

24 மார்ச் 2025

வாசகி வரைவு ஒப்பந்தத்தை அனுப்பினார். பெயர்களை நீக்கிப் படித்தேன். மூன்று இடங்களில் நின்றேன்.

நிர்வாக சபையினர் ஐவரும் தனிப்பட்ட பிணை கொடுக்க வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. இதை ஏற்காதீர்கள். நான் கணக்கெழுதிய ஒரு முதியோர் பகல் இல்லம் தையற் பிரிவுக்காக ஒரு சலுகைக் கடன் பெற்றபோது இதே பிரிவு இருந்தது. தையல் நின்றது, சீருடை ஒப்பந்தம் வேறிடத்துக்குப் போயிற்று. தலைவராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை தன் ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து கடனைக் கட்டினார். கடன் கொடுத்தவர் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டார். அவருடைய ஆண்டறிக்கையில் அது வெற்றிக் கதையாக இடம்பெற்றது. அந்த இல்லத்தின் நிர்வாக சபைக்கு அதன் பின்னர் ஒருவரும் வர உடன்படவில்லை. சம்பளமின்றி வரும் மனிதர்களை அச்சுறுத்தி விரட்டுகிற நிபந்தனையைச் சமூக முதலீட்டில் சேர்ப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அடுத்தது, மாதந்தோறும் 14 பக்கப் பயன் அறிக்கை. உங்கள் ஒருங்கிணைப்பாளர் அதற்கு மாதத்தில் ஒரு கிழமையைச் செலவிடுவார். அந்தச் செலவையும் வட்டியோடு கூட்டுங்கள். 5 சதவீதம் 5 சதவீதமாக இராது.

மூன்றாவது, முதலாம் மாதத்திலிருந்தே தவணை. இயந்திரம் வந்து இறங்கி, மின்னிணைப்புப் பெற்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து, கடைகள் 60 நாட்களில் பணம் தந்து முடிப்பதற்குள் அரை ஆண்டு போய்விடும். ஓராண்டுச் சலுகைக் காலம் கேளுங்கள்.

25 மார்ச் 2025

மாற்று முன்மொழிவு ஒன்றை எழுதித் தருமாறு வாசகி கேட்டார். எழுதினேன். வறுக்கும் இயந்திரத்துக்கான 5,000 பவுண் நன்கொடை. மிகுதி 10,000 பவுணை இங்கே அனுப்பிக் கடனாகக் கொடுக்காமல், வட்டத்தினர் தம் பெயரில் கொழும்பில் ஒரு வங்கியில் ரூபா நிலையான வைப்பாக வைத்து, அதைப் பிணையாகக் காட்டி உங்களுக்கு ரூபாவில் ஒரு சுழற்சிக் கடன் வசதி பெற்றுத் தரட்டும். தேவைப்படும்போது எடுத்து, கடைகள் பணம் தந்ததும் கட்டிவிடலாம். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. வைப்பின் வட்டி அவர்களுக்கே. நாணய மாற்றத்தின் ஆபத்தும் அவர்களுடையது. தொழில் தோற்றால் வைப்பின் ஒரு பகுதியை வங்கி எடுத்துக்கொள்ளும். அவர்களின் வைப்பைப் பிணையாக ஏற்க முடியுமா, எந்தக் கணக்கின் ஊடாக என்பதை முன்னர் சொன்ன அதே வங்கிப் பிரிவில் கேட்க வேண்டும். அரைக்கும் இயந்திரம் இப்போதைக்கு வேண்டாம்; மட்டக்குளியில் கூலிக்கு அரைத்துத் தரும் ஆலை இருக்கும்போது அதற்கு ஏன் முதலைப் பூட்ட வேண்டும்?

9 ஏப்ரல் 2025

வட்டத்தினர் பெரும்பகுதிக்கு உடன்பட்டிருக்கிறார்கள். தனிப்பட்ட பிணை நீங்கியது. அறிக்கை காலாண்டுக்கு இரண்டு பக்கமாகியது. வங்கியும் வைப்பைப் பிணையாக ஏற்க எழுத்தில் இசைந்திருக்கிறது. அவர்களுடைய திறந்த மனத்தைப் பாராட்ட வேண்டும். கேட்டால் தருவார்கள் என்று நம் நிறுவனங்கள் நம்புவதில்லை, அதனால் கேட்பதே இல்லை.

ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. தொழில் தோற்று வங்கி வைப்பிலிருந்து எடுத்துக்கொண்டால், அந்தத் தொகையை நிறுவனம் "இயலுமான அளவுக்கு" வட்டத்தினருக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணி பத்தாண்டு வழக்காடலாம். அதை நீக்கி, தொடர்ந்து மூன்று காலாண்டுகள் தூள் கணக்கு நட்டம் காட்டினால் கடன் வசதியை மூட இரு தரப்பும் கூட வேண்டும் என்றும், மூடிய பின் எஞ்சும் நட்டத்தில் வைப்பின் அளவுக்கு வட்டத்தினரே பொறுப்பு என்றும், அதற்கு மேற்பட்டது எதுவும் நிறுவனத்தின் தூள் கையிருப்போடும் கடைகளிலிருந்து வரவேண்டிய பணத்தோடும் முடிந்துவிடும் என்றும் எழுதச் சொல்லுங்கள். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத் தூள் கணக்கில் சேர்த்தே நட்டம் பார்க்கப்படும் என்ற வரியையும் அதே பிரிவில் இடுங்கள். கையொப்பமிடும் நாளில் இந்தப் பிரிவைக் கூட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் தமிழில் வாசித்து, கூட்டக் குறிப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள்.